பழைய தெருவில் ஒரு வீடு

வீடு வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கோடைக் காலத்தில்தான் வீடு பார்க்கப் புறப்படுகின்றார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. உறவினர் ஊரில் இருப்பார்கள். வழியில் மழை இராது. மற்ற ஊர்களைப் பற்றி நான் சொல்ல வரவில்லை. தென்காசியில் ஒரு பழைய வீட்டைப் பார்ப்பதற்கு இதைவிடத் தகாத காலம் வேறு கிடையாது. சித்திரை வெயிலில் எல்லாச் சுவர்களும் உலர்ந்து, நல்ல பிள்ளைகளைப் போல நிற்கும். அவற்றின் உண்மைக் குணம் ஆடி மாதத்துச் சாரலில்தான் வெளிப்படும். ஆகையால் என்னிடம் யோசனை கேட்டு வருகின்ற இளைஞர்களிடம், "ஆடியில் ஒரு முறை வந்து பாருங்கள், பிறகு விலை பேசலாம்" என்று கூறி அனுப்பிவிடுவது என் வழக்கம். சிலர் திரும்பி வருவதே இல்லை. வருகின்றவர்களோடு பேசுவது எளிது.

உங்களில் பலருக்கு இன்றைக்கு வீடு வாங்கும் எண்ணமே இராது. தேர்வும் மதிப்பெண்ணுமே பெரிய கவலையாக இருக்கும். ஆயினும் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சென்ற பின், பாட்டனார் காலத்து வீடு ஒன்று உங்கள் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்கக் கூடும். இடித்துவிடலாமா, விற்றுவிடலாமா, வைத்துக்கொண்டு குடியிருக்கலாமா என்று மூத்தவர்கள் கேட்பார்கள். அந்த நாளில் வீட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் சொல்லும் விடை பெரும்பாலும் "இடித்துவிடலாம்" என்பதாகவே இருக்கின்றது. தெரிந்த பிறகும் இடிக்க முடிவு செய்தால் எனக்கு மனத்தாங்கல் இல்லை. தெரியாமல் இடிக்கின்றார்களே என்பதுதான் என் வருத்தம்.

கோயிலுக்குத் தெற்கேயுள்ள தெரு ஒன்றில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நான் குடியிருந்து வருகின்றேன். அந்த அனுபவத்தைக் கொண்டே பேசுகின்றேன்.

முதலில் ஊரைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பராக்கிரம பாண்டியன் காசி விசுவநாதருக்கு இங்கே கோயில் எடுக்கத் தொடங்கியது 1446-ஆம் ஆண்டில். கோயிலைச் சுற்றி இரத வீதிகளும் மாசி வீதிகளும் சன்னிதித் தெருக்களுமாக ஊர் அமைந்தது. வடக்கே சிற்றாறு ஓடுகின்றது. கோபுர வேலை அரசன் காலத்தில் நிறைவெய்தவில்லை. அவன் தம்பி குலசேகரன் அதை முடித்தான். இக்கோயிலில் பராக்கிரம பாண்டியனின் பாடல்கள் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. கல்வெட்டுகளில் அரசர்கள் தங்கள் பெருமையைச் சொல்லிக்கொள்வதே வழக்கம். இந்த அரசனோ, பிற்காலத்தில் இக்கோயிலில் ஏதேனும் பழுது நேர்ந்தால் அதைத் திருத்திக் காப்பவர்களின் காலில் தான் விழுந்து வணங்குவதாக எழுதி வைத்திருக்கின்றான். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அதைப் படிக்கும்போது மனம் நெகிழ்கின்றது. கட்டுவதற்கு ஓர் அரசன் போதும். பழுது பார்ப்பதற்குப் பெயர் தெரியாத பலர் தலைமுறை தலைமுறையாக வேண்டியிருக்கின்றது என்பதை அவன் உணர்ந்திருந்தான் போலும்.

அவன் அஞ்சியது வீண் போகவில்லை. அந்தக் கோபுரம் தீயினால் சிதைந்து, பல தலைமுறைகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. இப்போது நாம் காணும் ஒன்பது நிலைக் கோபுரம் புதிதாக எழும்பிக் குடமுழுக்குக் கண்டது 1990-ஆம் ஆண்டில்தான். கோயில்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை திருப்பணி செய்து குடமுழுக்கு ஆற்ற வேண்டும் என்றொரு மரபு உண்டு. வீடுகளுக்கும் அவ்விதம் ஒரு மரபு இருந்தது. தைப்பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பதும், சாரலுக்கு முன் ஓடு மாற்றுவதும் அதுவே. அவற்றைச் சடங்கு என்று எண்ணி நாம் கைவிட்டுவிட்டோம். உண்மையில் அவை வீட்டுக்குச் செய்யும் வைத்தியம்.

இந்த ஊர் வீடுகளுக்கு ஏன் இத்தனை வைத்தியம் வேண்டியிருக்கின்றது? இங்கே இரண்டு மழைக் காலங்கள் உண்டு. ஆனி முதல் ஆவணி வரை, தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக நுழைந்து மெல்லிய சாரலைத் தூவிக்கொண்டே இருக்கும். குற்றாலத்து அருவிகளில் கூட்டம் சேர்வது அப்போதுதான். பிறகு ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். பெருமழை கூரையைச் சோதிக்கின்றது. எங்கே ஒழுகுகின்றது என்பதை உடனே காட்டிக் கொடுத்துவிடும். சாரல் அப்படிச் செய்யாது. அது மேற்குச் சுவரில் நாள் முழுதும் படிந்து, உலர இடம் கொடாமல், உள்ளே ஊறிக்கொண்டே போகும். ஒழுகலைக் கண்டு அலறுகின்ற நாம், ஓதத்தைக் கண்டு அலறுவதில்லை. பழைய சுவர்களைக் கெடுப்பதில் ஓதத்திற்குத்தான் முதலிடம். காற்றின் வலிமையை அறிய வேண்டுமானால் ஆனி மாதத்தில் கோபுர வாசலில் போய் நில்லுங்கள்; மேல்துண்டு தோளில் தங்காது.

குற்றாலம் தென்காசியிலிருந்து ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் தொலைவுதான். ஆயினும் அங்கே பெய்யும் சாரல் முழுவதும் இங்கே வருவதில்லை. கிழக்கே ஆலங்குளம் பக்கம் செல்லச் செல்ல அது மறைந்தே போகும். வீடுகளின் கூரையிலும் இந்த வேறுபாட்டைக் காணலாம். கிழக்கே திருநெல்வேலிப் பக்கம் மட்டப்பா வீடுகள் மிகுதி. மேற்கே செங்கோட்டைப் பக்கம் செல்லச் செல்ல மலையாள நாட்டைப் போலச் சரிவான ஓட்டுக் கூரைகள் மிகுதி. செங்கோட்டை 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் வரையில் திருவிதாங்கூரோடும் திருவிதாங்கூர்-கொச்சியோடும் சேர்ந்திருந்த பகுதி என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். தென்காசி இரண்டுக்கும் நடுவில் இருப்பதால், ஒரே வீட்டில் முன்கட்டு ஓடாகவும் பின்கட்டு மட்டப்பாவாகவும் இருப்பதுண்டு.

எங்கள் தெரு வீடுகள் நீளமானவை. தெருவில் திண்ணை, அதை அடுத்துத் தார்சா, அதன் பின் பட்டாசாலை, நடுவே வானம் தெரியும் முற்றம், பிறகு இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணறு, புறவாசல். பக்கச் சுவர்களில் சன்னல் கிடையாது. ஏனெனில் அவை அடுத்த வீட்டுக்கும் பொதுவான சுவர்கள். வெளிச்சமும் காற்றும் முற்றத்தின் வழியாகவே வர வேண்டும். "இருட்டு வீடு" என்று இவற்றைக் குறை கூறுகின்றவர்கள், முற்றத்தின் மேல் தகரக் கொட்டகை போட்டு மூடிய வீடுகளைப் பார்த்தவர்களாகவே இருப்பார்கள். முற்றத்தை மூடினால் வெளிச்சம் குறைவதோடு நிற்பதில்லை. வெப்பக் காற்று மேலெழுந்து போக வழியின்றி நிற்கும். சுவரில் ஊறிய ஈரமும் வெளியேறாது. முற்றத்தைக் கம்பி வலையிட்டுக் காப்பது வேறு, கூரையிட்டு அடைப்பது வேறு.

இந்தத் தொட்டிக்கட்டுகள் வெறும் காற்றுவழி மட்டும் அல்ல. இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் வீட்டுத் தொட்டிக்கட்டில் நண்பர்களைக் கூட்டிக் கவிதை பேசினார். அந்தக் கூட்டத்திற்கு 'வட்டத்தொட்டி' என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டின் ஒரு பகுதி இலக்கிய வரலாற்றில் இடம் பெற்ற செய்தி இது.

இனிச் சுவருக்குள் என்ன இருக்கின்றது என்று பார்ப்போம். வேதியியல் படிக்கும் மாணவர்கள் இந்தப் பகுதியைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

பழைய வீட்டின் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டது. சில இடங்களில் உள்ளே வெறும் மண்சாந்தும், மேலே சுண்ணாம்புக் காரையும் இருக்கும். சுண்ணாம்புக் கல் என்பது கால்சியம் கார்பனேட்டு. அதைச் சூளையில் ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பத்தில் சுட்டால் கரியமிலவாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும். அதில் நீர் ஊற்றினால் கொதித்து நீற்றுப்போகும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடும் செங்கல் தூளோடும் குழைத்துச் சுவரில் பூசினால், அது காற்றிலுள்ள கரியமிலவாயுவைச் சிறிது சிறிதாக இழுத்துக்கொண்டு மீண்டும் சுண்ணாம்புக் கல்லாகவே மாறுகின்றது. சூளையில் இழந்ததைக் காற்றிலிருந்து திரும்பப் பெறுகின்றது. இந்த மாற்றம் ஒரு நாளில் முடிவதன்று. கனமான சுவரில் ஆண்டுக் கணக்கில் நடந்துகொண்டே இருக்கும். சாந்தோடு கடுக்காய் ஊறிய நீரும் கருப்பட்டிப் பாகும் சேர்ப்பது நம் நாட்டுக் கொத்தர்களின் கைமுறை.

இவ்விதம் ஆன சுவர் மிருதுவானது. நுண்ணிய துளைகள் நிறைந்தது. தரையிலிருந்து ஈரம் அதில் ஏறத்தான் செய்யும். ஆனால் ஏறிய ஈரம் காரையின் வழியாக ஆவியாகி வெளியேறிவிடும். ஏறுவதும் இறங்குவதுமாக ஒரு சமநிலை அதில் இருக்கின்றது. ஓரிரு விரற்கடை காரை உதிர்ந்தாலும் கவலையில்லை. அவ்விடத்தைச் சுரண்டி மறுபடி பூசினால் போதும். உள்ளேயிருக்கும் செங்கல்லைக் காப்பதற்காகத் தன்னைத் தேய்த்துக்கொள்வதே காரையின் வேலை.

இப்படிப்பட்ட சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சுப் பூசினால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கின்றேன். வீட்டுக்காரர் வெளியூரில் நல்ல வேலையில் இருந்தார். தாயார் தனியாக இருக்கும் வீட்டுச் சுவர் பொரிந்து உதிர்வதைப் பார்க்க மனமின்றி, நிறையப் பணம் செலவிட்டு, மூன்றடி உயரத்திற்குப் பழைய காரையை உடைத்துச் சிமெண்டுப் பூச்சுப் பூசி, அதன் மேல் பளபளக்கும் எண்ணெய் வர்ணமும் அடித்தார். முதல் ஆண்டு பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது. இரண்டாம் ஆடியில், சிமெண்டு முடிகின்ற மூன்றடிக் கோட்டுக்கு மேலே ஓதம் தோன்றிற்று. அதையும் பூசினார்கள். ஓதம் ஐந்தடிக்கு ஏறிற்று. உப்பு பூத்தது. பின்னர் ஒரு நாள் சிமெண்டுப் பூச்சு பலகையைப் போல மொத்தமாகப் பெயர்ந்து விழுந்தது. பின்னால் இருந்த செங்கற்கள் கையால் தொட்டாலே மாவாக உதிர்ந்தன. அந்தத் தாயார் அப்போது அடுக்களையில் இருந்தது நல்லூழ்.

இதன் காரணம் எளிது. சிமெண்டு கடினமானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. தரையிலிருந்து ஏறும் நீர் போக வழியின்றி மேலே மேலே ஏறுகின்றது. அதில் கரைந்துள்ள உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாக உறைந்து, செங்கல்லின் நுண்துளைகளை உள்ளிருந்தே பிளக்கின்றது. எங்கள் தெருவில் வேலை செய்யும் முதிய கொத்தனார் ஒருவர் இதைப் புத்தகம் படியாமலே அறிந்து வைத்திருக்கின்றார். "சார்வாள், இந்தச் சுவரு மூச்சு விடணும்லா? வாயையும் மூக்கையும் சேத்துக் கெட்டிட்டா என்ன செய்யும்?" என்று கேட்பார். பழைய தளவோட்டை மூடிப் பளிங்குக் கற்களைப் பதிப்பதும் இதே தீங்கைத் தருவதுண்டு. தரை வழியாக வெளியேறிய ஈரமும் சுவரைத் தேடிப் போகின்றது.

நான் சிமெண்டுக்குப் பகைவன் அல்லன். நம் மாவட்டத்துக்கு அருகிலேயே, தாழையூத்தில் 1949-ஆம் ஆண்டு முதல் சிமெண்டு ஆலை இயங்கத் தொடங்கியது. அதற்கும் மூலப்பொருள் அதே சுண்ணாம்புக் கல்தான். புதிய வீட்டுக்கும், குளியலறைக்கும், தண்ணீர்த் தொட்டிக்கும் அது மிகவும் ஏற்றது. சுண்ணாம்புச் சுவருக்கு மட்டும் அது ஒவ்வாத மருந்து. உங்கள் வீட்டுச் சுவர் எது என்று அறிய ஒரு காசை எடுத்துக் கீறிப் பாருங்கள். சுண்ணாம்புக் காரை வெண்ணிறமாகவோ செந்நிறமாகவோ பொடி உதிர்க்கும்; சிமெண்டு சாம்பல் நிறமாக, காசுக்கு எளிதில் இணங்காமல் இருக்கும்.

அடுத்தது கூரை. நாட்டு ஓடு என்பது அரை வட்டமானது. ஒரு வரிசை மல்லாந்தும் அடுத்த வரிசை கவிழ்ந்தும் கிடக்கும். ஆணியும் இல்லை, சாந்தும் இல்லை. தன் எடையினாலேயே நிற்கின்றது. அதனால் நழுவவும் செய்யும். பாசல் பாதிரிமார் 1865-இல் மங்களூரில் ஓட்டாலை தொடங்கிய பின், ஒன்றோடொன்று கொக்கி போட்டுப் பொருந்தும் சீமை ஓடு பரவிற்று. கொல்லத்திலிருந்து மலையைக் குடைந்து வந்த இருப்புப்பாதை 1904-இல் செங்கோட்டை, தென்காசி வழியாகத் திருநெல்வேலியை இணைத்த பிறகு, மேற்குக் கரையில் சுட்ட ஓடு இங்கே வந்து சேர்வது எளிதாயிற்று. எந்த ஓடாக இருந்தாலும் எலி, பூனை, காற்று ஆகிய மூவரும் அதை நகர்த்துவார்கள். குற்றாலத்திலோ நான்காவதாகக் குரங்குகளும் உண்டு. அருவிக்கரையில் சுற்றுலா வருவோர் தரும் பழங்களைத் தின்று பழகிய குரங்குகள், பழம் கிடையாத நாளில் கூரையின் மேல் ஏறித் தங்கள் சினத்தை ஓடுகளிடம் காட்டுகின்றன. அங்கே ஓட்டு வீடு வைத்திருப்பவர்கள் குரங்கின் பெயரில் ஆண்டுச் செலவு ஒன்று ஒதுக்கியே ஆக வேண்டும்.

ஓர் ஓடு நழுவினால் உண்டாகும் நட்டம் ஓட்டின் விலை அன்று. அந்த இடைவெளியில் இறங்கும் நீர் வரிச்சை நனைக்கும்; வரிச்சிலிருந்து கைமரத்திற்குப் போகும்; கைமரத்தின் வழியே ஓடி உத்திரத்தின் முனையில் தங்கும். உத்திரத்தின் முனை சுவருக்குள் புதைந்திருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. அங்கேதான் மரம் உளுத்துப்போகின்றது. முற்றத்தைச் சுற்றி நான்கு சரிவுகள் சேரும் மூலைகள் இன்னும் ஆபத்தானவை. இரு கூரைகளின் நீர் ஓரிடத்தில் பாய்கின்றது. அங்கே போட்டிருக்கும் தகடு துருப்பிடித்திருந்தால் மற்ற இடங்கள் நன்றாயிருந்தும் பயனில்லை. மழை ஓய்ந்த மறுநாள் காலையில் ஒரு விளக்கோடு இந்த நான்கு மூலைகளையும் அண்ணாந்து பார்த்துவிடுங்கள்.

மட்டப்பாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, 6 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் 1 அங்குலக் கனமும் உள்ள சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கலவை கொட்டி, பெண்கள் வரிசையாக அமர்ந்து பல நாள் கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிய தளம் அது. அதன் மேல் தண்ணீர் தேங்காமல் இருக்க வேண்டும், செடி முளைக்காமல் இருக்க வேண்டும்; இவ்வளவுதான் அது கேட்பது. காக்கை எச்சத்திலிருந்து முளைக்கும் ஆல், அரசு ஆகியவற்றின் நாற்றை இரண்டு இலைப் பருவத்தில் விரலால் பிடுங்கலாம். இரண்டு ஆண்டு விட்டுவிட்டால் சுவரை உடைக்காமல் எடுக்க முடியாது.

கறையானைக் குறித்து எல்லோரும் அறிவீர்கள். அது மண்ணிலிருந்து குழாய் போன்ற பாதை கட்டிக்கொண்டுதான் மரத்தை அடைகின்றது. மாதம் ஒரு முறை சுவரோரங்களையும் நிலைக்கால்களின் அடியையும் பார்த்து, அந்த மண்பாதையைக் கண்டதும் வைத்தியம் செய்ய வேண்டும். கதவையும் தூணையும் விரல் முட்டியால் தட்டினால் நல்ல மரம் கனத்த ஒலியும், அரிக்கப்பட்ட மரம் பொள்ளலான ஒலியும் தரும். கைமரங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவது நம் பக்கத்துப் பழைய பழக்கம். வாடை சில நாள் பொறுக்க முடியாததாக இருக்கும் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இவற்றையெல்லாம் நான் ஆண்டில் மூன்று முறையாகப் பிரித்து வைத்திருக்கின்றேன். வைகாசியில், சாரலுக்கு முன், ஓட்டுக்காரரை அழைத்து நழுவிய ஓடுகளை மாற்றுவது. புரட்டாசியில், இரு மழைகளுக்கும் இடையே, முற்றத்துத் தூம்பையும் கூரை வாய்க்கால்களையும் சுத்தம் செய்வது. தையில், மழை முடிந்து சுவர் உலர்ந்த பின், பெயர்ந்த காரையைப் பூசி வெள்ளையடிப்பது. இவற்றில் புரட்டாசி வேலையைத்தான் பலர் விட்டுவிடுகின்றார்கள். தூம்பில் ஒரு மாவிலை அடைத்தால் போதும். ஐப்பசி மழையில் முற்றம் குளமாகிப் பட்டாசாலைக்குள் நீர் ஏறிவிடும்.

குற்றாலத்து வீடுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கின்றது. கிழக்கிந்தியக் கம்பெனியார் காலத்தில் அங்கே சாதிக்காய், கிராம்பு முதலியவை பயிரிட்ட நறுமணத் தோட்டம் இருந்தது. குளிர்ச்சியை நாடி வெள்ளை அதிகாரிகள் தங்குமனைகள் கட்டினார்கள். பிறகு ஜமீன்தார்களும் செல்வர்களும் கட்டினார்கள். அவை மூன்று மாதத்திற்கான வீடுகள். மீதி ஒன்பது மாதமும் பூட்டியே கிடக்கும். பூட்டிய வீடு குடியிருக்கும் வீட்டைவிட விரைவில் கெடுகின்றது. சன்னல் திறப்பாரில்லை; ஒழுகினால் பார்ப்பாரில்லை; தூம்பில் சருகு அடைத்தால் எடுப்பாரில்லை. டி. கே. சி. அவர்கள் பிற்காலத்தில் குற்றாலத்திலேயே நிலையாகக் குடியிருந்து, 1954-இல் மறையும் வரை அங்கேயே வாழ்ந்தார். சாரலை விருந்தாளியாகக் காண்பதும், அதோடு ஆண்டு முழுதும் வாழ்வதும் வேறு வேறு என்பது அங்கே வீடு பார்க்கிறவர்களுக்கு முதலில் விளங்க வேண்டும். குற்றாலத்துச் சித்திர சபைக்குப் போனால் சுவரோவியங்களை மட்டும் பாராமல் சுவரையும் பாருங்கள். இத்தனை ஈரமான ஊரில் ஓவியம் தாங்கும் சுவரைக் காப்பது எவ்வளவு கடினம் என்று தோன்றும்.

வீட்டைப் பார்ப்பது போலவே தெருவையும் பார்க்க வேண்டும் என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகின்றேன். பொதுச் சுவர் உள்ள தெருவில் ஒருவர் தம் வீட்டை இடித்தால் அடுத்தவர் சுவர் வெளிச்சுவராகிவிடுகின்றது. அந்தச் சுவர் மழையைத் தாங்குவதற்காகக் கட்டப்பட்டதன்று. பல இடங்களில் மண்சாந்து வைத்துக் கட்டியது. இடித்த மனையில் உடனே வீடு எழும்பினால் சரி. பாகப்பிரிவினை வழக்கினால் மனை வெறுமையாகக் கிடந்தால், இரண்டு ஆடியில் அண்டை வீட்டின் சுவர் கரையத் தொடங்கும். இப்படி ஒரு வீடு விழ, அதையடுத்த வீடும் விழுவதை நான் கண்டிருக்கின்றேன். வரிசையில் ஒரு பல் போனால் மற்றவை ஆடுவது போலத்தான். தென்காசி 2019-இல் தனி மாவட்டத்தின் தலைநகரானது. ஊரில் மனைக்கு மதிப்புக் கூடியிருக்கின்றது. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் திண்ணையை எடுத்துக் கடையாக்கும் ஆசை இயல்பாகவே வருகின்றது. கடை வைப்பதில் குற்றமில்லை. திண்ணையோடு சேர்த்து முன்சுவரின் ஆதாரத்தையும் எடுத்துவிடுகின்றார்களே, அதுதான் ஆபத்து.

ஆகவே பழைய தெருவில் வீடு தேடுபவர்கள், இருபுறத்து வீடுகளிலும் யார் குடியிருக்கின்றார்கள், உரிமை யாரிடம் இருக்கின்றது என்று விசாரிக்க வேண்டும். சாலையின் மட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன் மேலேயே போடுவதால் தெரு உயர்ந்துகொண்டே போகின்றது, வீடுகள் தாழ்ந்துவிட்டன. நான்கு படி ஏறிப் போன திண்ணைக்கு இன்று ஒரு படிதான் மிச்சம். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெய்த பெருமழையை நினைவில் வைத்துக்கொண்டு, நீர் எங்கே தேங்கிற்று என்று தெருவில் உள்ள முதியவர்களைக் கேளுங்கள். அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று வாங்கிப் பார்ப்பது அவசியம். தமிழ்நாட்டில் 1989-இலேயே மகளிருக்கும் குடும்பச் சொத்தில் சம உரிமை சட்டமாகிவிட்டது. அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்திட்ட பத்திரத்தை நம்பிப் பணம் கொடுத்து அல்லற்படுகின்றவர்கள் இன்றும் இருக்கின்றார்கள்.

இந்தக் கவலை நமக்கு மட்டும் உரியதன்று. வில்லியம் மாரிஸ் என்னும் ஆங்கிலக் கவிஞர் 1877-இல் இலண்டனில் பழங்கட்டடங்களைக் காக்க ஒரு சங்கம் அமைத்தார். பெரிய புதுப்பிப்புகளைவிட அன்றாடச் சிறு பராமரிப்பே கட்டடத்தைக் காக்கும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. நம் வைகாசி ஓடு மாற்றலும் தை வெள்ளையடிப்பும் அதையே அல்லவா சொல்கின்றன! அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-இல் தன் பழைய குடியிருப்புப் பகுதியைச் சட்டத்தால் காத்தது. தமிழர் பலர் வாழும் பினாங்கின் ஜார்ஜ் டவுன் நகரம் 2008-இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் அங்கே 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாடகைக் கட்டுப்பாடு நீங்கியதும், தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த பலர் வாடகை கொடுக்க இயலாமல் வெளியேற, வீடுகள் பல வெறுமையாயின. முன்சுவரைக் காக்கும் சட்டம் குடியிருப்பவரையும் காக்கும் என்று சொல்வதற்கில்லை. எங்கள் தெருவுக்கு உலகப் பட்டியலும் வேண்டாம். மூன்றில் இரண்டு வீட்டிலாவது மாலையில் விளக்கெரிந்தால் போதும் என்று நான் எண்ணுவதுண்டு.

சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனார்கள் குறைந்துவருகின்றார்கள் என்பதே இப்போது பெரிய தடை. நான் குறிப்பிட்ட முதியவருக்குக் கை நடுங்கத் தொடங்கியிருக்கின்றது. சென்ற தை மாதம் அவரோடு ஓர் இளைஞர் வந்தார். தொழிற்பயிற்சிப் பள்ளியில் கட்டட வேலை படித்தவர். சுண்ணாம்பை ஏன் இத்தனை நாள் நீரில் ஊறவைக்க வேண்டும் என்று அவர் கேட்க, "நீறாத கட்டி ஒண்ணு உள்ள இருந்தாலும், செவத்துல போன பெறகு வெடிக்கும், அதுக்குத்தான்" என்று முதியவர் கரண்டியால் கிளறிக் காட்டினார். மேற்குச் சுவரின் கீழ்ப் பகுதியை அந்த இளைஞரே பூசினார். இந்த ஆடியில் அந்த இடத்தில் ஓதம் தெரிகின்றதா என்று பார்க்க வேண்டும்.